மிஸ்டு கால் கவுன்சிலர்

எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் காபி போட்டு மாளாது. தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒன்று, அவ்வளவு போதும். நான் அதில் கவுன்சிலர். பெயர் தையல்நாயகி.

கவுன்சிலர் என்றால் ஏட்டில் கவுன்சிலர். எனக்கு முன்னால் அந்த வார்டில் இருந்தவர் என் வீட்டுக்காரர் ராஜகோபால். இரண்டாயிரத்து ஆறு தேர்தலில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனிதர் ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார், வீட்டிலேயே இருந்த சாமானை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டவர்போல. அந்த வாரமே போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. அதில் அவர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தேன். ஜெயித்தது நான்தான் என்று சர்டிபிகேட் சொல்கிறது.

நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி கிடையாது. எங்கள் சிமெண்டுக் கடைக்கு வருகிற லாரிக்காரர்கள் என் குரலைக் கேட்டாலே வண்டியை ஒழுங்காக நிறுத்துவார்கள். ஆனால் மன்றக் கூட்டம் என்றால் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அங்கே மைக் இருக்கிறது, நாற்காலியில் துண்டு போட்டிருக்கிறது, எல்லோரும் 'மாண்புமிகு', 'மேன்மைமிகு' என்று பேசுகிறார்கள். நமக்கெதுக்கு வம்பு என்று தோன்றிவிடும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். மன்றத்தில் எங்களுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசை ஒன்று உண்டு. பொதுமக்கள் உட்காரத்தான் அது. ஆனால் பெண் கவுன்சிலர்களின் புருஷன்மார் வந்து நிறைந்துவிடுவதால் பொதுமக்களுக்கு அதில் இடமிருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் எனக்கு நேர் பின்னால் உட்காருவார். ஒரு இருமல் இருமினால் நான் எழுந்து 'வரவேற்கிறேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டு இருமல் என்றால் 'ஆட்சேபிக்கிறேன்'. இருமலே இல்லையென்றால் பேசாமல் பஜ்ஜியைத் தின்றுகொண்டிருக்கலாம். இன்னொரு கவுன்சிலருக்குச் சாவிக்கொத்துச் சத்தம், மற்றொருத்திக்கு முதுகில் பேனா முனை. கூட்டம் நடக்கிறபோது புதிதாக யாராவது உள்ளே வந்தால், வழி தப்பித் தாம்பரம் சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திகைத்துப் போவார்கள்.

இப்படி ஒழுங்காக இருமிக்கொண்டிருந்த இடத்தில்தான் நேரலை வந்து சேர்ந்தது.

இரண்டாயிரத்து எட்டு. எங்கள் தலைவர் லோகநாதனுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் நகரசபைக் கூட்டத்தை இன்டர்நெட்டில் காட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே நமக்கும் வேண்டும் என்றார். குரோம்பேட்டையில் வெப்சைட் செய்து தரும் ஹேமநாத் என்பவரைப் பிடித்து ஏற்பாடு செய்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் 'உலகமே பார்க்கிறது நம் மன்றத்தை!' என்று பேனர் எழுந்தது. அதிலும் தலைவர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டார்.

பேனரோடு கமிஷனரிடமிருந்து ஒரு உத்தரவும் வந்தது. உலகமே பார்க்கும்போது பின்னால் புருஷன்மார் உட்கார்ந்து இருமினால் மானம் போகும். அதனால் நேரலை அன்றைக்குப் பார்வையாளர் வரிசை காலியாக இருக்க வேண்டும்.

மற்ற மாதமாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாத அஜெண்டாவில் பதினோராம் பொருள் இருந்தது. மன்றத்தில் வருகிற ஒவ்வொரு விஷயத்தையும் 'பொருள்' என்பார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கிற மீன் கடைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டுவது. மீன் விற்கிறவர்களை ஏரிக்கரையில் குப்பை கொட்டும் மேட்டுக்குப் பக்கத்தில் அனுப்புவது. இதுதான் பதினோராம் பொருள். கடைகள் இருப்பது என் வார்டில். எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு வார்டு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வார்டு கவுன்சிலர் எழுந்து ஆட்சேபித்தால், அதைத் தள்ளி வைத்துவிடுவார்கள். சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று எல்லோரும் அதை மதித்து வந்தார்கள். ஆக, அங்கே மீன் விற்கிற பெண்களின் பிழைப்பு என் ஒரு வார்த்தையில் நின்றது. அதாவது, என் வீட்டுக்காரரின் இருமலில்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மீன் வாங்கப் போனேன். குப்பம்மாதான் எனக்கு எப்போதும் மீன் கொடுப்பவள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியும் முன்னே கூடையோடு பஸ் ஏறி வருகிறவள். ஊரிலேயே பெரிய தொண்டை அவளுக்கு.

"வா கவுன்சிலரம்மா. இன்னா, எங்கள குப்பமேட்டாண்ட தூக்கிப் போடப் போறாங்களாமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லிகினு கீது. உன் வூட்டுக்காரு நேத்து வந்தாரு. 'நா கீறேன் குப்பம்மா, ஒன் எடத்த ஒருத்தனும் தொட முடியாது'ன்னு நெஞ்சுல கை வச்சு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு வாட்டி இருமுவாரா, சொல்லு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அட, ஒத்த இருமலுக்கு இன்னா, ரெட்ட இருமலுக்கு இன்னான்னு இந்த மார்க்கெட்டுல பூனைக்குக்கூடத் தெரியும்!" என்று சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சிரித்தாள். பக்கத்துக் கூடைக்காரிகளும் சிரித்தார்கள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள். "தமாசுக்குச் சொல்லல கண்ணு. அந்த மேட்டாண்ட போனா ஒரு ஈ காக்கா வராது. மீனெல்லாம் நாறி, நாங்களும் நாறிப் போவோம்."

இந்தத் தடவை இருமல் கிடையாது, கம்ப்யூட்டரில் காட்டப் போகிறார்கள், ஆபீசுக்கு எதிரே இருக்கிற அஞ்சலியின் பிரவுசிங் சென்டரில் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். போவார்கள் என்று நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் புது ஏற்பாட்டை விளக்கினார். அவர் அஞ்சலியின் சென்டரில் உட்கார்ந்து நேரலையைப் பார்ப்பார். நான் போனை வைப்ரேஷனில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இருமலுக்குப் பதில் மிஸ்டு கால்.

"ஒண்ணு வந்தா வரவேற்கிறேன். ரெண்டு வந்தா ஆட்சேபிக்கிறேன். அதே கணக்குதான், குழப்பிக்காத."

"பதினோராம் பொருளுக்கு எத்தனை?"

அவர் டிவியைப் பார்த்தார். "ஒண்ணு."

"குப்பம்மாகிட்ட நெஞ்சுல கை வச்சீங்களாமே?"

"அதெல்லாம் அரசியல், உனக்குப் புரியாது. வளாகத்துல மூலைக் கடை நமக்குன்னு தலைவர் சொல்லிட்டார். ரோட்டைப் பார்த்த கடை, தையல். குப்பம்மாகிட்ட கமிஷனர் மேல பழியப் போட்டுக்கலாம். அவங்க என்ன இன்டர்நெட்டுலயா பாக்கப் போறாங்க?"

குப்பம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் ரோட்டைப் பார்த்த மூலைக் கடை எனக்கும் கண்ணுக்குள் வந்து நின்றது என்பதுதான் உண்மை.

கூட்டத்தன்று எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தோம். நான் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை. ஹேமநாத் என் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, காமிராவையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசை காலி. முதுகுப் பக்கம் என்னமோ ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

தலைவர் எழுந்து, உலகமே இந்த நிமிடம் நம்மைப் பார்க்கிறது என்று தொடங்கி நேரலையைத் திறந்து வைத்துப் பேசினார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரவேற்றார்கள். நான் கைக்குட்டையில் சுற்றிய போனை மடியில் பிடித்தபடி காத்திருந்தேன். போன் அசையவில்லை. சரி, நாம் பேச வேண்டாம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அடுத்து இரங்கல் தீர்மானம். முன்னாள் உறுப்பினர் ஜெபராஜ் போன வாரம்தான் காலமாகியிருந்தார். நல்ல மனிதர். அவர் மறைவுக்கு மன்றம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறது என்று கிளார்க் தழுதழுத்த குரலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது மடியில் போன் உறுமியது. ஒரு தடவை.

நான் எழுந்தேன். பழக்க தோஷம் என்று சொல்லுங்கள், வேறென்ன. மைக்கைப் பிடித்து, "தலைவர் அவர்களே, இதை நான் மனதார வரவேற்கிறேன்" என்றேன்.

தலைவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். ஜெபராஜின் படத்துக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்தபோதுதான் நான் எதை வரவேற்றேன் என்பது எனக்கே உறைத்தது. ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா! நாற்காலியில் பொத்தென்று விழுந்தேன். காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன.

"என்னங்க இது?" என்று ஹேமநாத்தைக் கிசுகிசுப்பாகக் கேட்டேன். "இங்க நடக்கிறது வெளியில எப்பத் தெரியும்?"

"லைவ்தான் மேடம். ஆனா நம்ம நெட் ஸ்லோ. இங்கேர்ந்து ஏறி, அங்க போய் எறங்கணும்ல? ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் வெளியில தெரியும்."

"எத்தனை பேர் பாக்கிறாங்க?"

அவர் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "மூணு. ஒண்ணு தலைவர் வீடு. ஒண்ணு துபாய்ல அவர் மச்சான். இன்னொண்ணு எதுத்தாப்ல பிரவுசிங் சென்டர்."

உலகம் அவ்வளவுதான். சிரிப்பு வந்தது எனக்கு. அப்புறம்தான் அந்த இரண்டு நிமிடம் மண்டையில் ஏறியது.

என் கல்யாணத்திலிருந்து நான் எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் அவர் இருந்திருக்கிறார். என்ன புடவை, எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு ஓட்டு, எப்போது எழுந்திருக்க வேண்டும், எல்லாம் அவர் சொல்லி முடித்த பிறகுதான் என்னிடம் வரும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் என்றால் தூங்க மாட்டார். ஆனால் என்றைக்கும் அவர் எனக்கு ஒரு எட்டு முன்னால்தான். இன்றைக்கு, இந்த அறையில், அவர் எனக்கு இரண்டு நிமிடம் பின்னால் இருக்கிறார். நான் செய்வதை அவர் இன்னும் பார்க்கவில்லை, தடுக்கவும் முடியாது. அவர் பார்க்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். அதை நினைத்தபோது எனக்குப் பயம்தான் முதலில் வந்தது.

தெருவிளக்கு, சாக்கடை, டேங்கர் லாரி என்று பொருள்கள் ஓடின. போன் அவ்வப்போது தப்புத் தப்பான நேரத்தில் உறுமியது. நான் அசையவில்லை. கிளார்க் பதினோராம் பொருளை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு அருகே சுகாதாரக் கேடு விளைவிக்கும் மீன் கடைகளை அப்புறப்படுத்தி, என்று வாசித்தார். சுகாதாரக் கேடு! குப்பம்மா கழுவுகிற மாதிரி இவர்களில் ஒருத்தர் தன் தட்டைக் கழுவுவாரா? அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

எழுந்தேன். "தலைவர் அவர்களே, ஆட்சேபிக்கிறேன்."

தலைவர் சிரித்தபடி, "அம்மா, மறுபடியும் மாத்திச் சொல்றீங்க. இதுக்குத்தான் வரவேற்கணும்" என்றார்.

"மாத்திச் சொல்லலீங்க. வேலைக்குப் போயிட்டு வர்ற பொம்பளைங்க பஸ்ஸை விட்டு எறங்கி, மீன் வாங்கிட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிக்கிறாங்க. ஏரிக்கரைக்கு எந்த பஸ் போகுது? குப்பை லாரிதான் போகுது. குப்பை லாரியில ஏறியா மீன் வாங்க வருவாங்க? கடை இங்கதான் இருக்கணும். வேணும்னா தண்ணிக் குழாய் போட்டுக் குடுங்க, வடிகால் கட்டிக் குடுங்க. என் வார்டு. நான் ஆட்சேபிக்கிறேன்."

தலைவரின் சிரிப்பு மறைந்தது. மைக் இருப்பதை மறந்து, "ஏம்மா, உங்க வீட்டுக்காரரைக் கேட்டீங்களா?" என்றார்.

"அவர் இன்னும் பாக்கலீங்க. அவருக்குத் தெரிய ரெண்டு நிமிஷம் ஆகும்."

முதலில் சிரித்தது கிளார்க்தான். அப்புறம் பெண் கவுன்சிலர்கள் சிரித்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க. தலைவர் காமிராவைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துபாய் மச்சானை நினைத்தாரோ என்னவோ, "வார்டு உறுப்பினரின் ஆட்சேபத்தை ஏற்று இப்பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது" என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மடியில் போன் ஒரே ஒரு தடவை உறுமி நின்றது. அதற்குப் பிறகு விடாமல் உறுமத் தொடங்கியது. பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

எதிர்ப்பக்கம் நடந்ததை மறுநாள் அஞ்சலி சொல்லித்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு கேபினில் உட்கார்ந்திருக்க, குப்பம்மா தன் ஆட்களோடு உள்ளே நுழைந்து அவர் நாற்காலியைச் சுற்றி நின்றுவிட்டாளாம். அவருக்கு எழுந்து போகவும் வழியில்லை. திரையில் கிளார்க் பதினோராம் பொருளை வாசிக்கத் தொடங்கியதும் போனைச் சட்டைப் பைக்குள்ளேயே அமுக்கியிருக்கிறார். திரையில் நான் உடனே எழுந்திருக்கிறேன். பரவாயில்லையே, கரெக்டா எழுந்துட்டாளே என்று நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறார். அப்போதுதான் 'ஆட்சேபிக்கிறேன்' வந்திருக்கிறது.

"அந்த லேடீஸ் போட்ட சத்தத்துல என் மானிட்டரே ஆடிப் போச்சுக்கா" என்றாள் அஞ்சலி. குப்பம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாளாம். "சொன்ன சொல்ல காப்பாத்திட்ட நைனா! நீ நல்லா இருக்கணும்!" என்று கண் கலங்கினாளாம். அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு எல்லோருக்கும் கும்பிடு போட்டாராம்.

வீட்டுக்கு அவர் கையில் ஒரு பை வஞ்சிரத்தோடு வந்தார். அவர்கள் திணித்து அனுப்பியது. பையை மேடைமேல் வைத்துவிட்டு, "எதுக்குடி எழுந்த?" என்றார்.

"குப்பம்மாகிட்ட வாக்குக் குடுத்தது நீங்கதானே? உங்க வாக்கைத்தான் காப்பாத்தினேன்."

அவர் மூலைக் கடை போச்சு என்று மட்டும் முணுமுணுத்தார். கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். வஞ்சிரம் வறுக்கிற வாசனை வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு தானே வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் நேரலை இல்லை. டெக்னிக்கல் கோளாறு என்றார்கள். பேனரும் இறங்கிவிட்டது. சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் தலைவருக்கு என்ன பயம்? வார்டு கவுன்சிலர் ஆட்சேபித்தால் தள்ளி வைக்கிற வழக்கத்தையெல்லாம் தூக்கி மூலையில் போட்டுவிடுவார் என்று பேச்சு அடிபட்டது. அதே பொருள் மறுபடி அஜெண்டாவில் இருந்தது. புருஷன்மார் பழைய வரிசைக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். நான் மீன் வாங்கப் போனபோது குப்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போனவாட்டியே அந்தப் பொட்டியில உன் மூஞ்சி ஒண்ணும் சரியாத் தெரில. கட்டங்கட்டமா இருந்திச்சு. பொடவைய வச்சுத்தான் நீன்னு கண்டுகினோம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஏம்மே, அந்தப் பின்னாடி சேருங்க யாருக்குப் போட்டது?"

"பொதுமக்களுக்கு."

"நாங்க யாரு?"

கூட்டத்துக்குப் போனேன். பின்வரிசை முழுக்கக் கூடைக்காரிகள். தலைக்குப் பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மீன் வாசனை மன்றம் முழுக்க நின்றது. புருஷன்மார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் குப்பம்மா தன் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். வாக்குத் தவறாத மனிதர் அல்லவா.

பொருள் வாசிக்கப்பட்டது. தலைவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. இத்தனை வருஷம் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா. ஒன்று. வரவேற்கிறேன்.

நான் எழவில்லை. அவரால் மறுபடி இருமவும் முடியாது. இருமினால் அது ஆட்சேபம் ஆகிவிடும்.

அப்போது அவருக்கு அடுத்த நாற்காலியிலிருந்து இன்னொரு இருமல் வந்தது. கரகரவென்று, மீன் கூவிக் கூவித் தேய்ந்த தொண்டையிலிருந்து. இரண்டு. அதற்குப் பிறகு அந்த வரிசை மொத்தமும் இருமியது. தலைவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார்.

எழுந்து நின்று, "ஆட்சேபிக்கிறேன்" என்றேன்.

தலைவர் பின்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். "இப்பொருள் கைவிடப்படுகிறது" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வர உண்மையாகவே இருமிக்கொண்டிருந்தார். சிரிப்பா, புரையேறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குப்பம்மா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.